நுரை நிற்பதற்கு

கிளாஸில் ஊற்றிய பியரின் மேல் எழும் வெண்ணுரை, அதில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வாயு வெளியேறும் வழியில் உண்டாவது. வாயு சோடாவிலிருந்தும் வெளியேறுகிறது. ஆனால் சோடாவின் நுரை எழுந்த கையோடு அடங்கிவிடும். நல்ல பியரின் நுரை சில நிமிடங்கள் நிற்கும். ஒவ்வொரு குமிழியையும் சுற்றியிருக்கும் மெல்லிய தோலே இதற்குக் காரணம். பார்லியிலிருந்து வரும் புரதங்கள் அந்தத் தோலை ஆக்குகின்றன. அவற்றுள் முக்கியமானவை இரண்டு: புரதம் இசட் எனப்படும் பெரிய மூலக்கூறும், கொழுப்புக் கடத்திப் புரதம் எனப்படும் சிறிய மூலக்கூறும். பார்லிச் சாறு கொதிக்கும்போது மற்றப் புரதங்கள் பல திரண்டு அடியில் படிந்துவிட, இவை தப்பிப் பியர் வரை வந்து சேர்கின்றன. ஹொப்ஸ் பூவின் கசப்பு அமிலங்கள் இப்புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துத் தோலை இறுக்குகின்றன. குடிக்கக் குடிக்க கிளாஸின் உட்சுவரில் வளையம் வளையமாக ஒட்டி நிற்கும் நுரை அந்தப் பிணைப்பின் அடையாளம்.

நுரை அழிவது மூன்று வழிகளில். குமிழிகளுக்கு இடையிலுள்ள திரவம் கீழே வடிகிறது. தோல் மெலிந்த குமிழிகள் உடைந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. சிறிய குமிழிக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அதன் வாயு தோலை ஊடுருவிப் பக்கத்திலுள்ள பெரிய குமிழிக்குப் போய்ச் சேர்கிறது. இந்த மூன்றாவது வழியை நைதரசன் வாயு பெரிதும் அடைத்துவிடும், ஏனென்றால் அது திரவத்தில் மிகக் குறைவாகவே கரையும். நைதரசன் ஏற்றிய கின்னஸ் பியரின் நுரை நுண்ணியதாக நெடுநேரம் நிற்பது இதனால்தான். வீட்டில் நைதரசன் ஏற்றுவது செலவுள்ள வேலை என்பதால் அது இங்கே விடப்படுகிறது.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், சிலாபம் தொடக்கம் வென்னப்புவ வரையிலான தென்னந்தோட்டங்களில், நுரை என்றவுடன் நினைவுக்கு வருவது கள். இறக்கிய சில மணி நேரத்திலேயே முட்டியின் வாய்வரை நுரை பொங்கும். ஆனால் அது நிற்கும் நுரை அல்ல. ஈஸ்ட் ஓயாமல் வாயுவை உண்டாக்கிக்கொண்டிருப்பதால் பழைய குமிழி உடைய உடையப் புதியது வருகிறது. புளிப்பு அடங்கியதும் நுரையும் போய்விடும். கள்ளில் பார்லிப் புரதமும் இல்லை, ஹொப்ஸின் அமிலமும் இல்லை. நுரை எழுவதற்கு வாயு போதும், நிற்பதற்குத் தோல் வேண்டும். வீட்டில் பியர் வடிப்போர் பலர் நுரை குறைந்ததும் போத்தலில் சீனியைக் கூட்டுவது இந்த வேறுபாட்டை மறப்பதால்தான். சீனி கூடினால் நுரை உயரமாக எழும்; விழும் வேகம் மாறாது.

இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம்; சொந்தக் குடிப்புக்கு என்றாலும் வீட்டுப் பியருக்கு விலக்கு இல்லை. ஆகவே மோல்ட் (முளைகட்டிய பார்லி) பியர் பற்றி இங்கே சொல்லப்படுவது உரிமத்தோடு சிறிய அளவில் வடிப்போருக்கும், சட்டம் இடந்தரும் நாடுகளில் வாழ்வோருக்கும் உரியது. வென்னப்புவ, மாரவில பக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போனவர்கள் ஏராளம். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் வடிக்கலாம். பிரித்தானியாவில் 1963 முதல் இதற்கு உரிமம் தேவையில்லை. ஊர் மாறினாலும் சமையலறைப் பழக்கம் மாறுவதில்லை. அடுத்த பகுதி எங்கு வடித்தாலும் பொருந்தும்.

எண்ணெய்

நுரை நிற்கவில்லை என்றால் பெரும்பாலான கைநூல்கள் தானியத்தை மாற்றச் சொல்லும். தென்னங்கரையில் அதற்கு முன் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் துளி குமிழியின் தோலில் பரவினால் அந்த இடத்தில் புரதம் விலகி, தோல் மெலிந்து கிழிகிறது. இதற்கு எண்ணெய் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் பிழிந்த கை, தேங்காயெண்ணெயில் தாளித்த சட்டியைக் கழுவிய அதே பஞ்சு, சம்பல் அரைத்த இடத்தைத் துடைத்த துணி ஆகிய எல்லாமே கிளாஸில் ஒரு படலத்தை விட்டுச் செல்லும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும். கரையோரத்தின் சாதாரண வெப்பத்தில் அது திரவமாகவே இருந்து எங்கும் பரவுகிறது; கிளாஸைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்கிறது. குளிர்ந்த தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அது போகாது.

பியருக்கான கிளாஸ்களையும் வாளி, குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் சமையற் பாத்திரங்களிலிருந்து பிரித்து வைப்பது முதல் வேலை. கழுவுவதற்குச் சலவைச் சோடா கலந்த வெந்நீர் போதும். சிறிது நேரம் ஊறவிட்டு, பிறகு வெறும் வெந்நீரில் பல முறை அலச வேண்டும். பழைய காலத்தில் சாம்பலும் தென்னந்தும்பும் கொண்டு தேய்த்ததும் இதே இரசாயனம்தான்: சாம்பலின் காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக்கிக் கரைத்துவிடும். ஆனால் தும்பு கண்ணாடியைக் கீறும், கீறல் விழுந்த இடத்திலிருந்து வாயு வீணாக வெளியேறும்; கண்ணாடிக்குச் சோடாவே நல்லது. பாத்திரம் கழுவும் திரவத்தின் மிச்சமும் நுரையைக் கெடுக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தினால் அலசலில் கஞ்சத்தனம் கூடாது. கழுவியதைத் துணியால் துடைக்காமல் தட்டியில் கவிழ்த்து, தானாகக் காயவிட வேண்டும்.

கிளாஸ் உண்மையில் சுத்தமா என்று பார்க்கும் ஒரு சோதனைக்கு, உப்பு விளையும் புத்தளத்தில் பொருள் தேட வேண்டியதில்லை. கிளாஸை நனைத்து நீரை வடித்துவிட்டு, உட்சுவரில் தூள் உப்பைத் தூவ வேண்டும். உப்பு எங்கும் சீராக ஒட்டினால் கண்ணாடி சுத்தம். திட்டுத் திட்டாக விட்டுப்போன இடங்களில் எண்ணெய் இருக்கிறது. சோதனை முடிந்ததும் உப்பை நன்றாக அலசிவிட வேண்டும். பியரிலேயே உப்புக் கிள்ளிப் போட்டு நுரை எழுப்பும் வித்தையும் உண்டு. உப்புத் துணிக்கைகளில் வாயு கூடிப் பொங்கும், ஆனால் அந்த வாயு அதோடு போய்விட்டது, இரண்டாவது முறை எழ ஒன்றும் மிஞ்சாது.

அடுப்பில் செய்யும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். பருப்போ சோறோ பொங்கி வழியாதிருக்க ஒரு துளி எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மோல்ட் சாறு கொதிக்கையில் பொங்கும்போதும் கை தானாக அந்தப் பக்கம் போகும். எண்ணெய் பொங்கலை அடக்குவதும் கிளாஸில் நுரையை அடக்குவதும் ஒரே செயல். ஈஸ்ட் வளரும்போது கொழுப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், ஆனால் அதை நம்பி விடக்கூடாது. பெரிய பாத்திரத்தை எடுத்து, முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல், பொங்கும் நேரத்தில் தீயைக் குறைப்பதே வழி.

நுரை முதல் மிடறுக்குப் பிறகு மட்டும் விழுந்தால் பியரில் குற்றம் இல்லை. பொரித்த மீனும் டெவல் இறைச்சியும் சாப்பிட்ட உதட்டின் எண்ணெய்தான் அது.

தேங்காய் சேர்த்த கறுப்புப் பியர்

வறுத்த தேங்காய்த் துருவல் சேர்த்த ஸ்டவுட் இன்று பல நாடுகளில் விரும்பிக் குடிக்கப்படுகிறது. தேங்காய் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இதைச் செய்து பார்க்கத் தோன்றுவது இயல்பு. உலர்த்திய துருவலின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய் என்பதுதான் சங்கடம். அப்படியே போட்டால் மணம் வரும், நுரை வராது.

துருவலைப் பொன்னிறமாக வறுத்து, சூடு ஆறுவதற்குள் உறிஞ்சும் தாள்களுக்கு இடையே வைத்து அழுத்த வேண்டும். தாளில் எண்ணெய் இறங்குவது நிற்கும்வரை தாளை மாற்றி மாற்றி அழுத்தலாம். கொதிக்கும் சாற்றில் போடாமல், புளித்து முடிந்த பியரில் துணிப்பையில் கட்டி ஓரிரு நாள் ஊறவிட்டால் போதுமான மணம் இறங்கும். பிறகு பாத்திரத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். 2 அல்லது 3 பாகையில் எண்ணெய் உறைந்து மேலே மிதக்கும். குழாயை அதற்குக் கீழே இறக்கி, மேலேயுள்ள கடைசி இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டுப் பியரை உறிஞ்சி எடுக்க வேண்டும். விட்டுவிடும் அந்த இரண்டு அங்குலத்துக்கு மனம் வராதவர்கள் தேங்காய் ஸ்டவுட்டில் கையை வைக்காதிருப்பது நல்லது.

தானியமும் சீனியும்

தோலைக் கட்டும் பொருள் முழுவதும் மோல்ட்டிலிருந்து வருவதால், மோல்ட்டின் பங்கு குறையும்போதெல்லாம் நுரையும் குறையும். வீட்டில் வடிப்போர் பலர் வாங்குவது டின்னில் வரும் மோல்ட் பாகு. அதன் மேல் ஒட்டிய குறிப்பு ஒரு கிலோ சீனி சேர்க்கச் சொல்லும். அந்தச் சீனிக்குப் பதில் அதே அளவு உலர்ந்த மோல்ட் தூளைச் சேர்ப்பதைவிட நுரைக்குப் பெரிய உதவி வேறெதுவும் செய்ய முடியாது. தென்னம்பாணி, பனங்கட்டி போன்றவையும் நுரையைப் பொறுத்தவரை சீனிதான். மணத்துக்காகச் சேர்த்தால் மொத்தச் சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவிடக் கூடாது.

அரிசி சேர்ப்போர் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியை எடுக்க வேண்டும். அரிசி நுரைப் புரதம் தராது; தவிட்டோடு கூடிய சிவப்பரிசி தராததோடு நிற்காமல் தவிட்டெண்ணெயையும் கொண்டுவரும். மாறாக, மோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைக் கோதுமை மோல்ட்டாக மாற்றினால் நுரை தெளிவாகக் கூடும். ஓட்ஸ் பானத்தைக் கனமாக்கும், ஆனால் அதிலும் எண்ணெய் உண்டு.

மோல்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்கும்போது 50 பாகையில் நிறுத்தி வைக்கும் பழைய முறையை இன்றைய மோல்ட்டுக்கு விட்டுவிட வேண்டும். முளைகட்டும் ஆலையிலேயே புரதம் போதிய அளவு உடைந்துவிட்டது. மறுபடி உடைத்தால் நுரைக்குரியதும் போய்விடும். நேரே 66 தொடக்கம் 68 பாகையில் ஊறவிடலாம். சக்கையில் மீண்டும் மீண்டும் வெந்நீர் ஊற்றிக் கடைசிச் சொட்டு இனிப்பையும் பிழிந்தெடுப்பது கொழுப்பையும் கசரையும் சேர்த்து இறக்கும். கொதித்து முடிந்த சாற்றை ஆறவிட்டு, அடியில் திரண்ட வண்டலை விட்டுத் தெளிந்ததை மட்டும் புளிக்க வைக்க வேண்டும். அந்த வண்டலிலும் கொழுப்பு இருக்கிறது.

புரதம் ஒருமுறை நுரையாகி உலர்ந்துவிட்டால் மறுபடி பயன்படாது. புளிக்கும் வாளியிலிருந்து பொங்கி வெளியே வழிந்த நுரை, கிளாஸில் எழ வேண்டிய நுரை. வாளியில் கால்வாசி இடம் விட்டு வைப்பதும், போத்தலில் நிரப்பும்போது குழாயை அடிவரை இறக்கி அலம்பாமல் நிரப்புவதும் இதற்காகத்தான்.

கிணற்று நீர்

புத்தளத்துக்கு வடக்கே நிலம் சுண்ணாம்புக்கல். அறுவக்காட்டில் வெட்டியெடுக்கும் அந்தக் கல்தான் பாலாவி சீமெந்து ஆலைக்குப் போகிறது. அப்பகுதிக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். இப்படிப்பட்ட நீரிலுள்ள பைகாபனேற்று, மோல்ட் ஊறும்போது அமிலத்தன்மையை ஏறவிடாது. ஊறலின் பி.எச். 5.2 இலிருந்து 5.5 வரை இருந்தால் புரதமும் வண்டலும் சரியாகப் பிரியும். 6 ஐ நெருங்கினால் சாறு கலங்கி, கசர் ஏறும். நீரை முதல் நாளே கொதிக்க வைத்து, ஆறவிட்டு, படிவை விட்டு மேல்நீரை எடுத்தால் பைகாபனேற்றில் பெரும்பங்கு போய்விடும். மிச்சத்தைச் சில துளி லக்ரிக் அமிலம் சரிசெய்யும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மணற் கிணறுகளில் சிக்கல் வேறு. மழைநீர் மணலில் மெல்லிய படலமாக உவர்நீரின் மேல் நிற்கிறது. அதிகமாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். விவசாயம் நடக்கும் இடங்களில் உரத்தின் நைத்திரேற்றும் இறங்குகிறது, அது ஈஸ்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. நாக்கில் உவர் தெரியும் நீரைக் கொதிக்க வைத்துத் திருத்த முடியாது. அங்கே சுத்திகரித்த குடிநீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துவதுதான் வழி.

வெப்பமும் போத்தலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் பியர் வடிக்கத் தொடங்கியவர்கள் 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவைத் தேர்ந்தெடுத்தது காட்சிக்காக அல்ல. பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகள் 18 முதல் 22 பாகைக்குள் நன்றாக வேலை செய்யும். கரையோரத்தில் பகல் வெப்பம் 30 பாகையைச் சாதாரணமாகத் தொடும், புளிக்கும்போது வாளிக்குள் சூடு இன்னும் ஏறும். அந்தச் சூட்டில் வாடும் ஈஸ்ட் புரதத்தைச் செரிக்கும் நொதியொன்றை வெளியே விடுகிறது. அது நுரைப் புரதத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். வடித்த மாதத்தில் நன்றாக நுரைத்த பியர் நான்கு மாதத்தில் சோடாவாகிவிடுவது இதனால்தான். வாளியை நீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரச் சாக்கைச் சுற்றினால் சில பாகை குறையும். நோர்வேயின் பண்ணை வீடுகளிலிருந்து வந்த குவைக் என்னும் ஈஸ்ட் 30 பாகைக்கு மேலும் கலங்காமல் புளிக்கும். குளிரூட்டி இல்லாத இடத்துக்கு அதுவே பொருத்தமானது. போத்தலில் அடைத்து வாயு ஏறியதும் எல்லாவற்றையும் குளிரில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்து முடிப்பது நல்லது.

வெப்பம் வாயுக் கணக்கையும் மாற்றுகிறது. 20 பாகையில் புளித்த பியரில் லீட்டருக்கு ஏறத்தாழ 0.9 லீட்டர் வாயு ஏற்கெனவே கரைந்திருக்கும்; 30 பாகையில் அது 0.7 லீட்டரை விடக் குறைவு. லீட்டருக்கு 2.5 லீட்டர் வாயு வேண்டுமானால், முதலாவதற்குப் போத்தலில் லீட்டருக்கு 6 கிராமுக்குச் சற்று மேலும், இரண்டாவதற்கு 7 கிராமும் சீனி சேர்க்க வேண்டும். அதற்கு மேல் கூடாது. அந்தப் பியர் 30 பாகையில் நிற்கும்போது போத்தலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் மூன்றே முக்கால் மடங்கு இருக்கும். பியருக்கென்றே செய்த கனமான போத்தலைத் தவிர வேறெதிலும் அடைக்கக் கூடாது. புளிப்பு முழுதாக முடிவதற்குள் அடைத்த போத்தல் எதுவானாலும் வெடிக்கக்கூடும்.

ஊற்றுவதும் சோதிப்பதும்

போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு முழு நாளாவது இருந்தால்தான் மேலே நிற்கும் வாயு திரும்பப் பியரில் கரையும். ஒரு மணி நேரம் குளிர வைத்த போத்தல் திறந்ததும் சீறும், ஊற்றும்போது தட்டையாக இருக்கும். கிளாஸை முதலில் சாய்த்து, பாதிக்கு மேல் நிமிர்த்தி, நடுவே விழும்படி ஊற்ற வேண்டும். பயந்து பயந்து சுவரோரமாக வழியவிட்டால் வாயு வெளியே வராமல் வயிற்றுக்குப் போகும். ஐஸ் கட்டி போட்டால் அதன் கரடான மேற்பரப்பில் வாயு ஒரேயடியாக வெளியேறி, மிஞ்சியது நீர்த்துப்போகும்.

நேரான சுவருள்ள கிளாஸில் ஊற்றி, நுரை 3 சென்ரிமீற்றர் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது ஆலைகளில் நைபெம் கருவி செய்யும் அளவீட்டின் எளிய வடிவம். நல்ல லாகரில் நான்கு நிமிடத்தை ஒட்டி எடுக்கும். ஒவ்வொரு முறையும் அதே கிளாஸ், அதே குளிர் இருந்தால்தான் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உதவும். ஒரே போத்தலை, வீட்டில் புழங்கும் கிளாஸிலும் உப்புச் சோதனையில் தேறிய கிளாஸிலும் ஊற்ற வேண்டும். இரண்டாவதில் நுரை நின்றால் பியரை ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டிலும் விழுந்தால், கடையில் வாங்கிய நல்ல நுரையுள்ள பியரோடு பாதிக்குப் பாதி கலந்து பார்க்க வேண்டும். கடைப் பியரின் நுரையையும் வீட்டுப் பியர் சாய்த்துவிட்டால் அதில் எண்ணெய் இருக்கிறது. வாளி, குழாய், தேங்காய் என்று தேட வேண்டும். கலவையில் நுரை ஓரளவு நின்றால் வீட்டுப் பியரில் புரதம் போதவில்லை. அப்போதுதான் தானியத்தை மாற்றுவதில் பயன் உண்டு.

இஞ்சிப் பியர்

வீடுகளில் இஞ்சி, சீனி, தேசிக்காய், ஈஸ்ட் கொண்டு செய்யும் இஞ்சிப் பியரில் தோலுக்குரிய புரதம் அறவே இல்லை; போதாததற்கு இஞ்சியின் சொந்த எண்ணெய் வேறு. அதில் மோல்ட் பியரின் நுரையை எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் ஒன்றிரண்டு செய்யலாம். நசுக்கிய இஞ்சியை மூடாமல் கொதிக்க வைத்து, ஆறியபின் மேலே மின்னும் படலத்தை எடுத்துவிட்டு, சலவைச் சோடாவில் அலசிய துணியில் வடிகட்ட வேண்டும். நீரில் ஒரு பங்குக்குப் பதில் கெட்டியாகக் காய்ச்சித் தெளியவைத்த பார்லித் தண்ணீரைச் சேர்த்தால் பானம் சற்றுக் கனத்து, நுரையிலிருந்து திரவம் வடிவது தாமதமாகும்.

பழைய ஆங்கிலேயக் குறிப்புகளில் முட்டை வெள்ளைக்கரு வரும். இந்த வெப்பத்தில் பச்சை முட்டையைப் போத்தலில் அடைப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆலைகளில் செய்யும் சில இஞ்சிப் பியர்களின் நுரைக்குக் காரணம் சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டைச் சாறு. ஐரோப்பாவில் 999 என்ற எண்ணில் அனுமதிக்கப்பட்ட உணவுச் சேர்க்கை அது. அதுவும் நுரைக்கும், பூந்திக்கொட்டையும் நுரைக்கும் என்று நினைத்து ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. பூந்திக்கொட்டை துணிக்கும் தலைக்கும் உரியது, குடிப்பதற்கு அல்ல. போத்தலில் அடைத்த இஞ்சிப் பியரில் சீனி நிறைய மிஞ்சியிருக்கும். கரையோர வெப்பத்தில் போத்தல் ஒரு நாளிலேயே இறுகிவிடும். ஒரு பிளாஸ்டிக் போத்தலிலும் கொஞ்சம் அடைத்து வைத்து, அது விரலுக்கு அமுங்காத நிலைக்கு வந்ததும் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் மாற்றிவிட வேண்டும்.